‘பாசிட்டிவ்’ என்றால் நோயுற்ற குதிரை என்று பொருளில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் குதிரைகளின் ரத்தப் பரிசோதனை குறித்து நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். குதிரை மருத்துவத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு. ஒரு முழுப் பக்கத்தை அதற்கு ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் நடுவில் கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் நீங்கள் போட்டிருந்த வாக்கியத்தைப் படித்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. “ரத்தத்தில் எதிர்ப்பான் இருப்பது தெரிந்தால் குதிரைக்கு நோய் இருப்பது உறுதி; உடனே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்” என்பது அந்த வாக்கியம். (எதிர்ப்பான் என்பது கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் புரதம்.) இது தவறு. அந்த ஒரு வரியை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டு ஒருவர் லாயத்துக்குப் போனால் உயிருக்கே கேடு வரக்கூடிய தவறு.

நான் கால்நடை நோயறி ஆய்வகம் ஒன்றில் 31 ஆண்டுகள் தொழில்நுட்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசி 19 ஆண்டுகள் என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பகுதி குதிரைகளின் சீரம்தான். குதிரைகளை நேரில் பார்த்ததைவிடக் குழாய்களில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கழுத்துச் சிரையிலிருந்து எடுத்த ரத்தம் உறைந்து, சிவப்புக் கட்டி கீழே தங்க, மேலே வெளிர்மஞ்சளாக ஒரு விரற்கடை நீர் நிற்கும். அதுதான் சீரம். அந்த நீரில் தேடித் தேடித்தான் என் பணிக்காலம் கழிந்தது. அதில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஒரு குட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் வந்த குழாயின் சீட்டில் “பெண் குட்டி, செம்பழுப்பு, நெற்றியில் வெள்ளைப் புள்ளி” என்று மட்டும் எழுதியிருந்தது. வயது இல்லை. காய்ச்சல் உண்டா, உண்ணி கடித்ததா, எதற்காக ரத்தம் எடுத்தார்கள் என்ற விவரமும் இல்லை. கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: பைரோபிளாஸ்மோசிஸ் நோய்க்கான எதிர்ப்பான் சோதனை. இந்த நோயை உண்டாக்குபவை தைலேரியா ஈக்வை, பபேசியா கபல்லி என்னும் ஓரணு ஒட்டுண்ணிகள். உண்ணிக் கடியால் உள்ளே வந்து, மலேரியாக் கிருமியைப் போலவே ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு வெளியேறும். குட்டியின் சீரத்தைச் சோதித்தேன். தைலேரியாவுக்கு 58 விழுக்காடு வந்தது. 40க்கு மேல் வந்தால் பாசிட்டிவ். (எதன் விழுக்காடு என்பதைப் பிறகு சொல்கிறேன்.) அப்படியே எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அந்தக் குட்டியைப் பார்த்துக்கொண்ட கால்நடை மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் தாளைப் பார்த்ததும் குட்டிக்கு இமிடோகார்ப் ஊசி போட்டிருக்கிறார்கள். இந்த நோய்க்குத் தரும் மருந்து அதுதான். லேசான மருந்து அன்று. இரண்டாம் ஊசி போட்ட சிறிது நேரத்தில் குட்டிக்கு வாயில் எச்சில் ஒழுகி, உடம்பெல்லாம் வியர்த்து, வயிற்றுவலியில் தரையில் விழுந்து புரண்டிருக்கிறது. இரவு முழுவதும் கழிச்சல். தாய்க்குதிரை அதன் தலைமாட்டிலேயே நின்றதாம். இவ்வளவையும் கேட்ட பிறகு, நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: “குட்டிக்கு என்ன வயது?” ரத்தம் எடுத்த அன்று 47 நாள் என்றார். காய்ச்சல் இருந்ததா? இல்லை. ஈறு வெளுத்திருந்ததா? இல்லை, நன்றாக இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது. துள்ளிக்கொண்டிருந்த குட்டி. விற்பதற்கு முன் ஒரு சான்று வேண்டுமென்று ரத்தம் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தாயின் ரத்தத்தை அனுப்பச் சொன்னேன். 81 விழுக்காடு. எனக்கு விளங்கிவிட்டது. மனிதர்களில் தாயின் எதிர்ப்பான்கள் கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. குதிரைக்கு அந்த வழி அடைபட்டது. குதிரைக்குட்டி எதிர்ப்பான் ஏறக்குறைய எதுவும் இல்லாமல்தான் பிறக்கிறது. எல்லாம் சீம்பாலில் வருகிறது. பிறந்த முதல் ஒரு நாளைக்குள் குடிக்கும் சீம்பாலிலிருந்து அந்தப் புரதங்கள் குடல் வழியே முழுசாக ரத்தத்தில் ஏறும். அதன் பிறகு குடல் அந்த வாசலை மூடிவிடும். அப்படி வாங்கிய எதிர்ப்பான்கள் மாதக்கணக்கில் குட்டியின் ரத்தத்தில் இருந்து மெல்ல மெல்லத் தேயும். அந்தக் குட்டியின் ரத்தத்தில் நான் கண்டது அதன் தாய் என்றோ சந்தித்த ஒட்டுண்ணியின் நினைவு. குட்டி எந்த உண்ணியையும் எந்த ஒட்டுண்ணியையும் சந்தித்திருக்கவில்லை.

அந்தக் குட்டி பிழைத்துக்கொண்டது. மூன்றாம் மாதம் சோதித்தபோது 44. ஐந்தாம் மாதம் 23. ஏழாம் மாதம் 9. எண்கள் இறங்க இறங்க எனக்கு நிம்மதி வந்தது; ஆனால் முதல் தாளில் இருந்த என் கையொப்பத்தை நான் மறக்கவில்லை. எண் சரியாகத்தான் இருந்தது. நான் செய்த சோதனையில் ஒரு பிழையும் இல்லை. வயது தெரியாமல் அந்த எண்ணை வெளியே அனுப்பியதுதான் பிழை. உங்கள் கட்டம் கட்டிய வாக்கியம் அதே பிழையை ஆயிரக்கணக்கானோர் கையில் கொடுக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. அதைத் தெரிந்துகொண்டால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தானே விளங்கும். போட்டி எலிசா என்று ஒரு முறை உண்டு. நாங்கள் பெரிதும் பயன்படுத்தியது அதுதான். 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒட்டுண்ணியின் ஒரு புரதம் பூசப்பட்டிருக்கும். குதிரையின் சீரத்தை அதில் விடுவோம். அந்த ஒட்டுண்ணிக்கு எதிராகக் குதிரை முன்பே எதிர்ப்பான் உண்டாக்கியிருந்தால் அது போய்ப் புரதத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். பிறகு, நிறம் உண்டாக்கக்கூடிய, ஆய்வகத்தில் தயாரித்த இன்னோர் எதிர்ப்பானை விடுவோம். இடம் காலியாக இருந்தால் அது ஒட்டிக்கொண்டு நிறம் வரும். இடம் முன்பே பிடிக்கப்பட்டிருந்தால் நிறம் வராது. ஆக, நிறம் மங்கியிருந்தால்தான் பாசிட்டிவ். எத்தனை விழுக்காடு மங்கியது என்பதே அந்த எண். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரம் இதைத் தலைகீழாகத்தான் படிப்பார்கள்.

கவனித்துப் பாருங்கள்: இதில் எங்காவது ஒட்டுண்ணி வந்ததா? குதிரையின் உடம்பில் இப்போது ஒட்டுண்ணி இருக்கிறதா என்று யாராவது தேடினார்களா? இல்லை. ஒட்டுண்ணி வந்துபோனதற்கு உடம்பு வைத்திருக்கும் பதிவேட்டைத்தான் புரட்டினோம். அந்தப் பதிவு போன வாரத்ததாக இருக்கலாம், ஆறு வருடத்துக்கு முந்தையதாக இருக்கலாம், அந்தக் குட்டிக்கு நேர்ந்தது போல வேறொருவருடைய பதிவாகவே இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. 39 வந்தால் நெகட்டிவ், 41 வந்தால் பாசிட்டிவ் என்று தாளில் எழுதுகிறோம். ஒரே சீரத்தைக் காலையிலும் மாலையிலும் சோதித்தால் இரண்டு மூன்று எண் ஏறி இறங்குவது வழக்கம். 40 என்ற கோட்டின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு குதிரைகளுக்குள் ஒன்று நோயுற்றது, மற்றது நலமானது என்று எண்ணுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. அதனால்தான் எண்ணையும் சேர்த்து எழுதித் தரவேண்டும் என்று நான் கடைசிவரை வாதாடினேன்.

எதிர்ப்பக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. அதைக் கட்டுரை தொடவே இல்லை. ஒரு மாலையில் கருப்புக் குதிரை ஒன்றின் சீரம் அவசரம் என்று குறித்து வந்தது. எலிசாவில் 18, நெகட்டிவ். மருத்துவரிடம் சொன்னபோது அவர் திகைத்தார். உடல்வெப்பம் 40.6 டிகிரி செல்சியஸ், சிறுநீர் அடர்பழுப்பு, கண்ணின் கீழிமை மஞ்சள் பாய்ந்திருக்கிறது, தீனியைத் தொடவில்லை என்றார். காய்ச்சல் தொடங்கி எத்தனை நாள் என்று கேட்டேன். நேற்றுத்தான். அப்படியானால் எதிர்ப்பான் உருவாக உடம்புக்கு இன்னும் அவகாசமே கிடைக்கவில்லை. சீரத்தை வைத்துவிட்டு, உறையாத ரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் மெல்லியதாக இழுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. சிவப்பணுக்களுக்குள் பேரிக்காய் வடிவத்தில் நான்கு நான்காக, சிலுவை போலக் கூடி நின்றன. தைலேரியா ஈக்வையின் அடையாளம் அது. பபேசியா கபல்லி என்றால் இரண்டிரண்டாக, அடிமுனைகள் சேர்ந்து ஒரு குறுங்கோணமாக நிற்கும். உடனே சொன்னேன், அன்றிரவே மருந்து கொடுத்தார்கள். அந்தக் குதிரையின் எதிர்ப்பான் சோதனை பாசிட்டிவாக மாறியது அடுத்த மாதிரியில்தான், பத்து நாள் கழித்து, அது எழுந்து தீனி தின்னத் தொடங்கிய பிறகு. “எதிர்ப்பான் இல்லை, ஆகவே நோய் இல்லை” என்று யாராவது அன்று முடிவு கட்டியிருந்தால் அந்தப் பத்தாம் நாள் அதற்கு வந்திருக்காது.

நோயில்லாத குட்டிக்குப் பாசிட்டிவ், சாகக் கிடந்த குதிரைக்கு நெகட்டிவ். இரண்டு எண்ணும் சரி. சோதனையிடம் கேட்ட கேள்விதான் தவறு.

இந்தச் சோதனை வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் அதற்கு இணை இல்லை. தைலேரியா ஈக்வை ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தங்கிவிடும். நோய் தணிந்த பிறகு ரத்தத்தில் அதன் எண்ணிக்கை மிகக் குறைந்துபோகும். நுண்ணோக்கியில் மணிக்கணக்கில் பார்த்தாலும் அகப்படாது. ஆனால் உண்ணி கடித்தால் அடுத்த குதிரைக்குப் போகும். இப்படிப்பட்ட குதிரைகளைக் கண்டுபிடிக்க எதிர்ப்பான் சோதனைதான் உதவும். குதிரை ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குப் போகும்போது அதைக் கேட்பது இதனால்தான். முன்பு அமெரிக்கா இதற்கு வேறொரு பழைய முறையை நம்பியிருந்தது. அந்த முறை நெடுநாள் ஒட்டுண்ணியைச் சுமக்கும் குதிரைகளையும் மருந்து கொடுக்கப்பட்ட குதிரைகளையும் தவறவிட்டது. 2005இல் போட்டி எலிசாவுக்கு மாறினார்கள். 2009இல் டெக்சாஸில் ஒரு பண்ணையில் ஒரு பெண் குதிரைக்கு நோய் தெரிந்து, பண்ணை முழுவதையும் சோதித்தபோது 400க்கும் மேற்பட்ட குதிரைகள் பாசிட்டிவ் என்று வந்தன. அவற்றில் பெரும்பாலானவை பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாதவை. ஒட்டுண்ணி இல்லாத நிலப்பரப்பில் அது பரவாமல் காப்பது எப்படி என்ற கேள்விக்கு அந்த எண்கள் மிகச் சரியான விடை.

அதே பாசிட்டிவ், உண்ணியும் ஒட்டுண்ணியும் காலங்காலமாக இருக்கும் பகுதியில் வேறு பொருள் தரும். அங்கே வளர்ந்த குதிரைகளில் பெரும்பாலானவை பாசிட்டிவாகத்தான் இருக்கும். ஒட்டுண்ணியும் குதிரையும் ஒருவித உடன்பாட்டுக்கு வந்து வாழ்கின்றன. உள்ளே தங்கியிருக்கும் அந்தக் கொஞ்சம் ஒட்டுண்ணியே மறுபடி கடும் நோய் வராமல் காக்கிறது. அப்படிப்பட்ட நலமான குதிரைக்கு மருந்தை ஏற்றி ஒட்டுண்ணியை முழுவதும் துடைத்துவிட்டால், அடுத்த உண்ணிக் காலத்தில் அது பாதுகாப்பில்லாமல் நிற்கும். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் வருத்தக்கூடிய மருந்து வேறு. “உடனே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்” என்று நீங்கள் எழுதியது இந்தக் குதிரைகளுக்கு நேர்எதிரான அறிவுரை.

மருந்து கொடுத்த பிறகும் குழப்பம் தீர்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒட்டுண்ணி போன பிறகும் எதிர்ப்பான் மாதக்கணக்கில், சில குதிரைகளில் ஓராண்டுக்கு மேலும், ரத்தத்தில் இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி ஊசி போட்டவர்களை நான் அறிவேன். அங்கே கேட்க வேண்டியது பிசிஆர் சோதனை; அது ஒட்டுண்ணியின் மரபுப்பொருளையே தேடுகிறது. போட்டி எலிசாவும் எல்லாவற்றையும் பிடித்துவிடுவதில்லை. தைலேரியா ஹேனியி என்ற நெருங்கிய உறவு இனத்தை 2018இல் விவரித்தார்கள். எலிசாத் தட்டில் பூசும் அந்தப் புரதம் அதனிடம் இல்லாததால் தட்டின் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

கட்டுரையில் “மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணி” என்று ஒரு பத்தி இருந்தது. அது அமெரிக்கக் கண்டங்களில் காணப்படும் நோய். காரணம் பெரும்பாலும் சார்கோசிஸ்டிஸ் நியூரோனா என்னும் ஓரணு ஒட்டுண்ணி. 1991இல்தான் அதற்கு இந்தப் பெயர் கிடைத்தது. ஒப்போசம் என்னும் பைப்பாலூட்டியின் எச்சம் கலந்த தீனியும் நீரும் அதைக் குதிரைக்குக் கொண்டுசேர்க்கின்றன. எதிர்ப்பானை வைத்து நோயை முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அமெரிக்காவின் பல பகுதிகளில் ஏறக்குறைய பாதிக் குதிரைகளின் ரத்தத்தில் இதற்கு எதிர்ப்பான் இருக்கிறது. ஆனால் நரம்புநோய் வருவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 1000 குதிரைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: 500 பாசிட்டிவ், நோயுற்றவை மிஞ்சிப்போனால் 10. உங்கள் வாக்கியத்தின்படி போனால் 490 நலமான குதிரைகளுக்கு மூளைநோய் என்று சொல்லியிருப்போம். பின்கால் தள்ளாடும் குதிரைக்கு இந்தச் சோதனை பாசிட்டிவ் என்று வந்ததும் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது இன்னும் கொடுமை. கழுத்தெலும்பு தண்டுவடத்தை நெரித்தாலும் குதிரை அப்படித்தான் தள்ளாடும். உண்மையான காரணம் அப்படியே இருக்க, பாவம் அந்தக் குதிரை வாரக்கணக்கில் வேறு மருந்தைத் தின்றுகொண்டிருக்கும். அங்கே செய்ய வேண்டியது முழுமையான நரம்புப் பரிசோதனை; பிறகு சீரத்தையும் தண்டுவட நீரையும் ஒரே நேரத்தில் எடுத்து எதிர்ப்பான் அளவுகளை ஒப்பிடுவது. ரத்தத்தில் இருப்பதில் மிகச் சிறு பங்குதான் இயல்பாகத் தண்டுவட நீருக்குக் கசியும். ரத்தத்தில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தண்டுவட நீரில் இருந்தால், எதிர்ப்பான் அந்த இடத்திலேயே உண்டாகிறது, ஒட்டுண்ணி உள்ளே புகுந்திருக்கிறது என்று கருத இடமுண்டு. ஊசி குத்தும்போது ரத்தம் கலந்துவிட்டால் அந்தக் கணக்கையும் நம்ப முடியாது.

சர்ரா என்னும் இன்னொரு ஒட்டுண்ணி நோயைக் கட்டுரை குறிப்பிடவில்லை, நானும் விரிக்கப்போவதில்லை. 1880இல் கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர் குதிரைகள், ஒட்டகங்களின் ரத்தத்தில் நெளிந்துகொண்டிருந்த அந்த ஒட்டுண்ணியைத் தன் கண்ணால் கண்டார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். ஒட்டுண்ணி எப்போதும் கண்ணுக்கு அகப்படுவதில்லை; அங்கேதான் எதிர்ப்பான் சோதனைகள் உதவுகின்றன. அவை வந்ததற்காகக் கண்ணால் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

குதிரை வைத்திருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ரத்தம் எடுத்து அனுப்பும்போது சீட்டை நிரப்புங்கள். குதிரையின் வயது, எப்போது எங்கிருந்து வந்தது, காய்ச்சல் தொடங்கிய நாள், கடைசியாகப் போட்ட மருந்தும் அதன் தேதியும், உடம்பில் உண்ணி பார்த்தீர்களா என்பது. இதை எழுத இரண்டு நிமிடம் ஆகும். சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் எடுங்கள். ஒரே எண் தராத விடையை எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தரும். ஒரு குதிரைக்குக் குத்திய ஊசியை மறு குதிரைக்குத் தொடவே தொடாதீர்கள். உண்ணி செய்யும் வேலையை அந்த ஊசி செய்துவிடும்.

ஆசிரியர் அவர்களே, திருத்தத்தை உள்பக்கத்தின் மூலையில் இரண்டு வரியாகப் போடாமல், அதே ஞாயிறு இணைப்பில், அதே கட்டத்தில், அதே தடித்த எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். வாக்கியம் இப்படி இருக்கட்டும்: “ரத்தத்தில் எதிர்ப்பான் இருந்தால், அந்தக் குதிரையோ அதற்குச் சீம்பால் கொடுத்த தாயோ அந்த ஒட்டுண்ணியை எப்போதோ சந்தித்திருக்கிறது; இப்போது நோய் இருக்கிறதா என்பதைக் கால்நடை மருத்துவர் குதிரையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.” கட்டத்துக்கு நீளம் அதிகம் என்றால் பின்பாதியை மட்டுமாவது போடுங்கள். பழைய வாக்கியத்தைக் கத்தரித்து லாயத்துச் சுவரில் ஒட்டியிருப்பவர் அதன்மேல் இதை ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகத் தொழில்நுட்பர் ஒருவர்